தமிழ் விக்கிக்கு எந்தத் தரவுத்தளம்: மரியாடிபியா, போஸ்ட்கிரஸா, எஸ்க்யூலைட்டா?

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியை நிறுவும்போது மொழியைக் கேட்டு முடித்த சிறிது நேரத்தில் தரவுத்தளக் கேள்வி வந்துவிடும். மரியாடிபி அல்லது மைசீக்வல், போஸ்ட்கிரஸ், எஸ்க்யூலைட் என மூன்று வழிகள். பலர் முதலில் தெரிவதைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே ஐந்து நிமிடம் நிற்பது நல்லது. விக்கியில் பக்கங்கள் சேர்ந்தபிறகு ஒரு தரவுத்தளத்திலிருந்து இன்னொன்றுக்கு முழுசாகத் தூக்கிப் போகும் கருவி மீடியாவிக்கியோடு வருவதில்லை. எக்ஸ்எம்எல் ஏற்றுமதி செய்தால் பக்கங்களும் திருத்த வரலாறும் வரும். பயனர் கணக்குகள், கடவுச்சொற்கள், கவனிப்புப் பட்டியல்கள் வராது. இருபது பேர் சேர்ந்து எழுதும் விக்கியில் எல்லோரையும் மறுபடி கணக்குத் தொடங்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

பழைய வழிகாட்டிகளில் ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் பெயர்களும் இருக்கும். அவற்றுக்கான ஆதரவு 1.34 பதிப்போடு போய்விட்டது. மூன்றில் ஏதாவது ஒன்று நிறுவியின் பட்டியலில் தெரியவில்லை என்றால், அதற்குரிய பிஎச்பி (மீடியாவிக்கி எழுதப்பட்ட நிரல்மொழி) நீட்சி சர்வரில் இல்லை என்று பொருள். நீட்சியைப் போட்டு, வெப் சர்வரையும் பிஎச்பி-எஃப்பிஎம் சேவையையும் மறுதொடக்கம் செய்தால் தெரியும்.

இந்த ஒப்பீட்டில் வேகத்துக்கு இடம் தரவில்லை. சில ஆயிரம் பக்கங்கள் உள்ள விக்கியில் மூன்றுமே போதிய வேகம் தரும். பக்கம் மெதுவாகத் திறந்தால் காரணம் பெரும்பாலும் கேஷ் (ஒருமுறை உருவாக்கியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) அமைக்காததுதான். தெரிவைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: அடுத்த மேம்படுத்தலை யார் செய்யப்போகிறார்கள், தமிழ்ச் சொற்களைத் தேடினால் கிடைக்குமா.

மரியாடிபி

விக்கிப்பீடியா 2013-ல் மைசீக்வலிலிருந்து மரியாடிபிக்கு மாறியது. தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடுகிறது. நமக்கு இதனால் நேரடிப் பயன் உண்டு. மீடியாவிக்கியில் ஒரு அட்டவணையின் அமைப்பை மாற்றினால், அந்த மாற்றம் உலகின் மிகப் பெரிய விக்கிகளில் ஓடித் தேறியபிறகே நம் கைக்கு வருகிறது. மீடியாவிக்கிக்குக் கூடுதல் வசதி தரும் நீட்சிகளை எழுதுபவர்களும் முதலில் இதற்காகவே எழுதுகிறார்கள். வேறெந்தக் காரணமும் தேடாமல் மரியாடிபியைத் தெரிவு செய்ய இது ஒன்றே போதும் என்பேன்.

நீண்டகால ஆதரவுள்ள 1.43 பதிப்புக்கு பிஎச்பி 8.1, மரியாடிபி 10.3 குறைந்தபட்சத் தேவை. டெபியன் 12 லினக்ஸில் பிஎச்பி 8.2-உம் மரியாடிபி 10.11-உம் இயல்பாகவே வருவதால் வெளிக் களஞ்சியம் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. பிஎச்பியின் மைசீக்வல், எம்பிஸ்ட்ரிங், எக்ஸ்எம்எல், இன்ட்ல், ஏபிசியு நீட்சிகளைச் சேர்த்துப் போடுங்கள். இன்ட்லை விட்டுவிடாதீர்கள், தமிழ் வரிசைக்கு அது வேண்டும்.

நிறுவும்போது அடிக்கடி வரும் பிழை 'அனுமதி மறுக்கப்பட்டது'. நிறுவியில் ரூட் என்று பெயர் கொடுத்து, கடவுச்சொல்லும் கொடுத்து, ஏன் உள்ளே விடவில்லை என்று குழம்புவார்கள். மரியாடிபி 10.4 முதல் ரூட் கணக்கு யூனிக்ஸ் சாக்கெட் (சர்வருக்குள்ளேயே நடக்கும் இணைப்பு) வழியாக, சர்வரின் ரூட் பயனருக்கு மட்டுமே திறக்கும்படி வருகிறது. வெப் சர்வரோ வேறு பயனராக ஓடுகிறது. கட்டளை வரியில் ரூட்டாக நுழைந்து விக்கிக்கென்று ஒரு தரவுத்தளம், ஒரு பயனர் உருவாக்கி, அந்தத் தரவுத்தளத்தின் மேல் மட்டும் முழு உரிமை கொடுங்கள். பயனரை 'லோக்கல்ஹோஸ்ட்' என்று உருவாக்கினால் விக்கியின் அமைப்புகள் இருக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பிலும் அதே சொல்லை எழுதுங்கள். ஒரு பக்கம் லோக்கல்ஹோஸ்ட், மறுபக்கம் 127.0.0.1 என்று எழுதினால் ஒன்று சாக்கெட்டிலும் மற்றது பிணைய வழியிலும் போகும். சில அமைப்புகளில் கணக்கு பொருந்தாது. மென்பொருள்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் டாக்கரில் தரவுத்தளம் தனிக் கன்டெய்னர் என்பதால் லோக்கல்ஹோஸ்ட் வேலை செய்யாது. சேவையின் பெயரைக் கொடுக்க வேண்டும், பயனரையும் எந்த ஹோஸ்டிலிருந்தும் வரலாம் என்று உருவாக்க வேண்டும்.

மரியாடிபியின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியின் பஃபர் பூல் (தரவை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) இயல்பாக 128 எம்பி. 1 ஜிபி நினைவகமுள்ள சர்வரில் அதைத் தொட வேண்டாம். 2 ஜிபி இருந்தால் 512 எம்பி வரை ஏற்றலாம்.

நிறுவி முடித்து, தரவுத்தளத்தை உலாவியில் காட்டும் பிஎச்பிமைஅட்மினில் பக்க அட்டவணையைத் திறந்தால் தமிழ்த் தலைப்புகள் பதினாறடிமான எண்களாகத் தெரியலாம். கெட்டுவிட்டது என்று பதறி, நெடுவரிசையின் வகையை மாற்றிவிடாதீர்கள். மீடியாவிக்கி தலைப்புகளை வேண்டுமென்றே வெறும் பைட்டுகளாகச் சேமிக்கிறது. அதற்கு ஒதுக்கிய இடம் 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். 'கோயம்புத்தூர்' கண்ணுக்கு 7 எழுத்து, யூனிகோடுக்கு 13 குறியீடு, சேமிப்பில் 39 பைட். ஆகவே ஒரு தலைப்பில் மொத்தம் 85 குறியீடுகளே அடங்கும். இந்த எல்லையை மீடியாவிக்கியே விதிப்பதால் தரவுத்தளத்தை மாற்றித் தப்ப முடியாது. பதிவேற்றும் படத்தின் பெயருக்கு 240 பைட், அதாவது 80 குறியீடுகள். கல்வெட்டுப் படத்துக்கு முழு வாக்கியத்தைப் பெயராக வைப்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள்.

பைட்டாகச் சேமிப்பதில் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. மைசீக்வல் குடும்பத்தில் 'யூடிஎஃப்8' என்று மட்டும் குறித்த பழைய வகை ஒரு எழுத்துக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. அன்றாடத் தமிழ் அதற்குள் அடங்கும். ஆனால் முந்திரி, மாகாணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-ல் யூனிகோட் 12-ல் இடம்பெற்றபோது 4 பைட் பகுதியில்தான் இடம் கிடைத்தது. நிலப் பத்திரம், கோயில் கணக்கு, ஓலைச்சுவடி என்று எழுதுபவர்களுக்கு அவை வேண்டும். மீடியாவிக்கியில் கவலையில்லை. புக்ஸ்டாக் போல எழுத்தாகவே சேமிக்கும் விக்கி மென்பொருளைப் போட்டால், தரவுத்தளத்தை உருவாக்கும்போதே 'யூடிஎஃப்8எம்பி4' என்று குறிப்பிடுங்கள்.

வகைப் பக்கங்களின் வரிசையையும் முதல் நாளே சரிசெய்துவிடுங்கள். இயல்பு நிலையில் யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கப்படுவதால் ற, ல-வுக்கு முன்னால் வந்துவிடும். கறி முதலில், கலம் அப்புறம். நம் அகராதியில் கலம்தான் முதலில். லோக்கல்செட்டிங்ஸில் வகை வரிசையைத் தமிழுக்கான யூசிஏ (யூனிகோடின் அகரவரிசை விதி) வரிசைக்கு மாற்றி, வரிசை புதுப்பிக்கும் பராமரிப்பு ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்ட வேண்டும். சர்வரின் இயங்குதளத்தை மேம்படுத்தி, இந்த வரிசையைக் கணக்கிடும் ஐசியு நூலகத்தின் பதிப்பு மாறினால் அதே ஸ்கிரிப்டைக் கட்டாய விருப்பத்தோடு மறுபடி ஓட்டுங்கள். விட்டால் பழைய பக்கங்களும் புதியவையும் இரண்டு வரிசையில் கலந்து நிற்கும்.

பேக்கப் எடுக்க, தரவுத்தளத்தை ஒரே கோப்பாக எழுதித் தரும் மரியாடிபி-டம்ப் போதும். இரண்டு விருப்பங்களை மறக்க வேண்டாம்: எடுக்கும்போது விக்கி பூட்டப்படாமலிருக்க 'ஒற்றைப் பரிமாற்றம்', எழுத்துகள் உருமாறாமலிருக்க 'பைனரி' குறிமுறை. குறிமுறை தவறிப்போனால் தமிழ்ப் பக்கம் முழுக்க ஒரே கோலம் தெரியும்: மேலே சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்து, அடுத்து வட்டத்துக்குள் பதிவுக்குறி, இப்படியே திரும்பத் திரும்ப. தமிழ்க் குறியீடுகள் எல்லாமே ஒரே பைட்டில் தொடங்குவதால் வரும் கோலம் அது. அதைப் பார்த்தால் தரவு பெரும்பாலும் தப்பியிருக்கிறது, வாசிக்கும் முறைதான் தவறு. அந்த நிலையில் யாரையும் திருத்தவிடாதீர்கள். கெட்ட எழுத்தின் மேல் நல்ல எழுத்து சேமிக்கப்பட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

எஸ்க்யூலைட்

இதற்குத் தனிச் சேவை கிடையாது, பயனர் கிடையாது, கடவுச்சொல் கிடையாது. எல்லாம் ஒரு கோப்புறையில். ஒருவரோ நால்வரோ எழுதும் விக்கி, வகுப்பறை விக்கி, மடிக்கணினியிலேயே ஓடும் ஆய்வுக் குறிப்பு விக்கி ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். 'எஸ்க்யூலைட் விளையாட்டுச் சாமான்' என்று ஒதுக்குவது நியாயமில்லை. அதன் எல்லை எதுவென்று தெரிந்தால் போதும்: ஒரு நேரத்தில் ஒருவரே எழுத முடியும்.

விக்கியில் எழுதுபவர் மனிதர் மட்டும் இல்லை. யாரோ ஒரு பக்கத்தைத் திறக்கும்போதே மீடியாவிக்கி பின்னணி வேலை ஒன்றைச் செய்து தரவுத்தளத்தில் எழுதுகிறது. தேடுபொறியின் ரோபோ வந்து நூறு பக்கங்களைத் திறந்தால் 'தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது' பிழை வரத் தொடங்கும். இரண்டு மாற்றங்களில் இது பெரிதும் அடங்கும். பக்கப் பார்வையின்போது வேலை ஓடும் வீதத்தைச் சுழியமாக்கி, வேலைகளை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். பிரதான கேஷை, நினைவகத்திலேயே வைத்திருக்கும் பிஎச்பி நீட்சியான ஏபிசியுவுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது கோப்பு உரிமை. தரவுக் கோப்புக்கு மட்டும் எழுதும் உரிமை கொடுத்தால் போதாது, அது இருக்கும் கோப்புறைக்கும் வேண்டும். எஸ்க்யூலைட் பக்கத்திலேயே துணைக் கோப்புகளை உருவாக்கும். மேம்படுத்தும் ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டிவிட்டால் அந்தத் துணைக் கோப்புகள் ரூட்டின் பெயரில் உருவாகிவிடும். பிறகு பக்கங்கள் திறக்கும், சேமிக்கப் போனால் 'படிக்க மட்டுமான தரவுத்தளம்' என்று மறுக்கும். பராமரிப்பு ஸ்கிரிப்டுகளை எப்போதும் வெப் சர்வரின் பயனராகவே ஓட்டுங்கள். கோப்புறையை வெப் சர்வர் பரிமாறும் இடத்துக்கு வெளியே வையுங்கள். உள்ளே இருந்தால் முகவரியை ஊகிப்பவர் கடவுச்சொல் சுருக்கங்களோடு மொத்த விக்கியையும் இறக்கிக்கொள்வார். என்எஃப்எஸ் போன்ற பிணைய வட்டில் வைக்கவே கூடாது. அங்கே கோப்புப் பூட்டு நம்பகமாக வேலை செய்யாது, தரவு சிதையும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை அப்படியே நகலெடுப்பது பேக்கப் ஆகாது, பாதி எழுதிய நிலை நகலாகிவிடலாம். எஸ்க்யூலைட்டுக்கென்றே மீடியாவிக்கியில் ஒரு பராமரிப்பு ஸ்கிரிப்ட் உண்டு, அதன் பேக்கப் விருப்பத்தைப் பயன்படுத்துங்கள்.

போஸ்ட்கிரஸ்

பொதுவாகச் சொன்னால் மூன்றில் கட்டுக்கோப்பானது இதுதான். தவறான குறிமுறையில் வரும் பைட்டை உள்ளேயே விடாது. மீடியாவிக்கி 1.43-க்குப் போஸ்ட்கிரஸ் 10 போதும்; டெபியன் 12 தருவது 15. தரவுத்தளத்தை யூடிஎஃப்-8 குறிமுறையில், 'டெம்ப்ளேட்0' என்ற வெற்று வார்ப்பிலிருந்து, விக்கியின் பயனருக்கே உரிமையாக்கி உருவாக்குங்கள். உரிமை வேறொருவரிடம் இருந்தால், மீடியாவிக்கி தனக்கென்று உருவாக்க முயலும் ஸ்கீமா (அட்டவணைகளை வைக்கும் பிரிவு) அனுமதியில்லாமல் நின்றுவிடும்.

சிக்கல் நீட்சிகளில் வருகிறது. விக்கிப்பீடியா இதில் ஓடாததால் போஸ்ட்கிரஸ் பாதையில் நடப்பவர்கள் குறைவு, பிழைகளும் தாமதமாகவே கண்ணில் படுகின்றன. ஒரு நீட்சியைப் போடுமுன் அதன் எஸ்க்யூஎல் கோப்புறையைத் திறந்து பாருங்கள். மைசீக்வல், போஸ்ட்கிரஸ், எஸ்க்யூலைட் என்று மூன்று உட்கோப்புறைகள் இருந்தால் நல்லது. மைசீக்வல் மட்டும் இருந்தால் அந்த நீட்சி இங்கே அட்டவணைகளை உருவாக்காது. வேண்டிய நீட்சிகளின் பட்டியலை எழுதிவைத்துக்கொண்டு இதைச் சரிபார்க்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைத் தெரிவுக்கு முன் செலவழியுங்கள்.

மேம்படுத்தலும் வேறு மாதிரி. மரியாடிபியில் தொகுப்பைப் புதுப்பித்து, மேம்படுத்தும் கட்டளையை ஓட்டினால் பெரும்பாலும் முடிந்தது. போஸ்ட்கிரஸில் ஒரு பெரும் பதிப்பின் தரவுக் கோப்புகளை அடுத்தது நேரடியாகப் படிக்காது. டெபியனின் கிளஸ்டர் (போஸ்ட்கிரஸின் தரவுத் தொகுதி) மேம்படுத்தும் கருவியைக் கொண்டோ, டம்ப் எடுத்து ஏற்றியோ மாற்ற வேண்டும். தெரிந்தவருக்கு எளிது. தெரியாதவர் பழைய கிளஸ்டரை நீக்கிவிட்டுப் புதியதைத் திறந்து, விக்கி காலியாக இருப்பதைப் பார்ப்பார்.

பகிர்வு ஹோஸ்டிங் வாங்கியிருந்தால் இந்தத் தெரிவே பெரும்பாலும் கிடைக்காது. அங்கே கட்டுப்பாட்டுப் பலகையில் வருவது மரியாடிபியோ மைசீக்வலோதான்.

தேடல்

தமிழ் விக்கிக்குத் தரவுத்தளம் தேடுபவர் உண்மையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் இது. தேடலுக்குத் தனி மென்பொருள் எதையும் சேர்க்காதவரை மீடியாவிக்கி தரவுத்தளத்தின் முழு உரைத் தேடலையே நம்புகிறது. மூன்றிலும் அது மூன்று விதமாக நடக்கிறது.

மரியாடிபியில் மீடியாவிக்கி ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் எட்டு ஆஸ்கி எழுத்துகளாக மாற்றித் தேடல் அட்டவணையில் வைக்கிறது. முதலில் இரண்டு எழுத்து முன்னொட்டு, பிறகு மூன்று பைட்டுக்குரிய ஆறு பதினாறடிமான எழுத்துகள். அந்தக் காலத்து மைசீக்வலுக்கு யூடிஎஃப்-8 புரியாததால் வைத்த ஏற்பாடு. இதற்கு எதிரே முழு உரை அட்டவணைக்கு ஒரு உச்ச எல்லை இருக்கிறது: 84 எழுத்துக்கு மேல் நீளும் சொல்லை அது சேர்த்துக்கொள்ளாது. சேமிப்பு இயந்திரம் மைஐசாமானாலும் இன்னோடிபியானாலும் அதே 84, கூட்ட முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 'தஞ்சாவூர்' 9 குறியீடு, 72 எழுத்து, அட்டவணையில் சேரும். 'தஞ்சாவூரில்' 11 குறியீடு, 88 எழுத்து; சேராது. 'எடுத்துக்காட்டு' 15 குறியீடு, 120 எழுத்து, சேராது. 'கோயம்புத்தூர்' வேற்றுமை உருபு எதுவும் ஏறாமலேயே 104. பத்துக் குறியீட்டைத் தாண்டும் எந்தத் தமிழ்ச் சொல்லும் பக்கத்தின் உடலில் இருந்தால் தேடலில் கிடைக்காது. பிழைச்செய்தி எதுவும் வராது, 'முடிவுகள் இல்லை' என்று மட்டும் சொல்லும். தலைப்பை அப்படியே தட்டச்சு செய்தால் பக்கம் கிடைத்துவிடும், ஏனென்றால் அது பக்க அட்டவணையில் நேராகப் பார்ப்பது. அதனால்தான் இந்தக் குறை நெடுநாள் யாருக்கும் தெரியாமல் இருந்துவிடுகிறது.

எஸ்க்யூலைட்டில் இந்த எல்லை இல்லை. அதன் முழு உரைத் தேடலான எஃப்டிஎஸ்3-இல் உரையைச் சொற்களாகப் பிரிக்கும் எளிய பகுப்பி, ஆஸ்கிக்கு வெளியே உள்ள எல்லாக் குறியீடுகளையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. புள்ளியில் வெட்டாது, நீண்ட சொல்லைத் தள்ளாது. மூன்றில் சிறியது நீண்ட தமிழ்ச் சொல்லை மரியாடிபியைவிட நன்றாகக் கண்டெடுக்கிறது.

இரண்டிலும் வேர்ச்சொல் அறிவு கிடையாது. 'வயல்' என்று தேடினால் 'வயலில்' வராது. நட்சத்திரக் குறி சேர்த்து 'வயல்' என்று தேடினாலும் வராது, ஏனென்றால் 'வயலில்' என்பதில் ல-வின் மேல் புள்ளி இல்லை, அங்கே இகரக் குறி இருக்கிறது. புள்ளியை எடுத்துவிட்டு 'வயல' என்று எழுதி நட்சத்திரம் சேர்த்தால் வயலில், வயலுக்கு, வயலை எல்லாம் வரும். உங்கள் விக்கியின் உதவிப் பக்கத்தில் முதல் குறிப்பாக இதைப் போடுங்கள்.

போஸ்ட்கிரஸ் 12-ல், 2019-ல், தமிழுக்கான ஸ்னோபால் வேர்ச்சொல் பகுப்பி சேர்க்கப்பட்டது. தரவுத்தளத்தின் இயல்புத் தேடல் அமைப்பைத் தமிழுக்கு மாற்றினால் உருபுகளைக் கழற்றித் தேடும் வாய்ப்பு கிடைக்கிறது. உள்ளடக்கம் ஏற்றுமுன் இதை மாற்ற வேண்டும். தேடல் நெடுவரிசைகளைப் பக்கம் சேமிக்கும் நேரத்தில் ட்ரிகர்கள் (தரவுத்தளம் தானாக ஓட்டும் நிரல்கள்) தான் நிரப்புகின்றன. பிறகு மாற்றினால் பழைய பக்கங்கள் பழைய முறையிலேயே கிடக்கும், தேடுவது மட்டும் புதிய முறையில் நடக்கும், இரண்டும் பொருந்தாது. இன்னொரு எச்சரிக்கை: ஒரு பக்கத்தின் சொற்களைத் தேடலுக்கென்று தொகுத்துவைக்கும் தேடல் திசையன் 1 எம்பியைத் தாண்டக் கூடாது. மீடியாவிக்கி 2 எம்பி வரை பக்கம் அனுமதிப்பதால், ஒரு நூல் முழுவதையும் ஒரே பக்கத்தில் ஒட்டினால் சேமிக்கும்போது பிழை வரும். அதிகாரம் அதிகாரமாகப் பிரித்துவிடுங்கள்.

மரியாடிபியிலேயே இருந்துகொண்டு தேடலைச் சரிசெய்யவும் வழி உண்டு: சைரஸ்சர்ச் நீட்சியும் அதற்குரிய எலாஸ்டிக்சர்ச் பதிப்பும். விக்கிமீடியா திட்டங்களின் தேடல் இந்த நீட்சியில்தான் நடக்கிறது. அதற்கு ஜாவா வேண்டும், விக்கிக்குப் போக 2 ஜிபி நினைவகமாவது தனியாக ஒதுக்க வேண்டும். மாதம் சில நூறு ரூபாய்க்கு எடுத்த சிறிய சர்வரில் இரண்டும் சேர்ந்து ஓடாது.

எதை எடுப்பது

பலர் எழுதும் பொது விக்கி, பத்தாண்டு ஓட வேண்டும், பராமரிப்பவர் மாறிக்கொண்டே இருப்பார் என்றால் மரியாடிபி. சைரஸ்சர்ச்சுக்கான நினைவகத்தையும் முதல் நாள் கணக்கிலேயே சேருங்கள். ஐந்து பேருக்குள் எழுதுவது, சிறிய சர்வர், தேடல் முக்கியம் என்றால் எஸ்க்யூலைட். மேலே சொன்ன கிரான் ஏற்பாட்டோடு. உங்கள் குழுவில் போஸ்ட்கிரஸை ஏற்கெனவே பராமரிப்பவர் ஒருவர் இருந்து, வேண்டிய நீட்சிகள் எல்லாம் அதில் ஓடும் என்று சரிபார்த்தும்விட்டால் மட்டும் போஸ்ட்கிரஸ். தேடலுக்காக மட்டும் தெரியாத தரவுத்தளத்துக்குப் போக வேண்டாம். மேம்படுத்தல் நாளில் தடுமாறி விக்கியை இழப்பதைவிட நட்சத்திரக் குறியோடு தேடுவது மேல்.

எதை எடுத்தாலும் பேக்கப்பில் மூன்று இருக்க வேண்டும்: தரவுத்தளம், படக் கோப்புறை, லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு. படங்கள் தரவுத்தளத்துக்குள் இல்லை என்பதை மறந்து, டம்ப் கோப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் மீட்கும் நாளில் உடைந்த படங்களைத்தான் பார்க்கிறார்கள்.

உள்ளடக்கம் ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். 'சோதனை' என்ற தலைப்பில் பக்கம் தொடங்கி, உடலில் 'தஞ்சாவூரில் வயலில் கிடைத்த கல்' என்று எழுதிச் சேமியுங்கள். 'தஞ்சாவூரில்' என்று தேடுங்கள். வரவில்லை என்றால் 84 எழுத்து எல்லையில் நிற்கிறீர்கள். 'வயல்' என்று தேடுங்கள். வந்தால் வேர்ச்சொல் பகுப்பி வேலை செய்கிறது. பிறகு பேக்கப் எடுத்து, வேறொரு வெற்றுத் தரவுத்தளத்தில் ஏற்றி, அதே பக்கத்தைத் திறந்து எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த நிலையில் ஒன்று சரிப்படவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடுத்த தரவுத்தளத்தில் நிறுவ அரை மணி நேரம் போதும்.